பிரேக் மாஸ்டரின் வலது கால்

பயிற்சி வண்டியில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின்மீதே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட ஒரு வலது கால், வண்டியைவிட்டு இறங்கிய பின்னும் தன் கடமையைத் துறப்பதில்லை என்பதற்கு மாஸ்டரே சாட்சி. பேருந்தில் போனால் முன்னிருக்கையை உதைப்பார். தொலைக்காட்சியில் கார்கள் துரத்திக்கொண்டால் எதிரே கிடக்கும் முக்காலி கவிழும். தூக்கத்தில் அந்தக் கால் யார் யாருக்காகவோ வண்டியை நிறுத்தியது. வாங்கிக் கட்டிக்கொண்டது மனைவியின் கணுக்கால். ஊரார் அவரைப் பிரேக் மாஸ்டர் என்று அழைத்தார்கள். கேலியென்று தெரிந்தும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பட்டம் சூட்டுவதில் அவரும் சளைத்தவரல்லர். எதிரே தெரிந்தவர் யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து இரு கைகளையும் எடுத்துக் கும்பிட்ட மாணவர் 'வணக்கம் தம்பி' ஆனார். பின்னோக்கி நிறுத்தும் பயிற்சிக்காக வைத்திருந்த மூன்று கூம்புகளையும் ஒரே வீச்சில் சாய்த்துவிட்டு, அதோடு திருப்தி அடையாமல் சுவரையும் முட்டி நின்ற ஒல்லிப் பெண் 'மூணு கூம்பு' ஆனாள். அவளுக்கு மாஸ்டர் விடைகொடுத்த வாசகம் பயிற்சிப் பள்ளியில் வெகுகாலம் சிரிப்புக்கு உதவியது.

"ரிவர்ஸ் எடுக்கிற அவசியமே வராத மாதிரி ஒரு வேலையாப் பாத்துக்கம்மா. நீயும் நல்லாருப்ப, சுவரும் நல்லாருக்கும்."

இத்தனை வருடம் கழித்துக் சோதனை அறிக்கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாஸ்டர் ஒரு மருத்துவமனை அறைக்குள் நுழைந்தபோது, மேசைக்கு அப்பால் வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தது மூணு கூம்பு.

விஷயம் சாதாரணமாகத்தான் தொடங்கியது. வயதுக்காகச் செய்துகொள்ளச் சொன்ன ஒரு குடல் சோதனையில், பெருங்குடலுக்குள் ஒரு வளர்ச்சி இருப்பது தெரிந்தது. காளான்போல் காம்பு வைத்து நின்றிருந்தால் முதலில் பார்த்த மருத்துவரே அறுத்து எடுத்திருப்பார். இதுவோ விரித்த கம்பளம்போல் படுத்திருந்தது; அதுவும் குடலின் ஒரு மடிப்புக்குப் பின்னால், முகம் காட்டாமல். இன்னும் புற்றாகவில்லை, விட்டுவைத்தால் ஆகலாம் என்றார் அந்த மருத்துவர். ஒன்று, வயிற்றைத் திறந்து குடலில் ஒரு துண்டையே வெட்டி எடுப்பது. அல்லது கேமராக் குழாய் வழியாகவே இதை உரித்தெடுக்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போவது.

மாஸ்டர் முதலில் போட்டது பிரேக் கணக்கு. திறந்த வயிறு தைத்து ஆறும்வரை பிரேக்கை மிதிக்கக் கூடாது. பிரேக்கை மிதிக்காத மாஸ்டர் வெறும் பயணி. அதற்கும் அடியில், யாரிடமும் சொல்லாத ஓர் அச்சமும் இருந்தது. தாம் நினைவின்றிக் கிடக்கும்போது தம்மை வேறொருவர் ஓட்டிச்செல்வார் என்பது. மனைவிதான் எங்கோ விசாரித்து மறுநாளே அந்தப் பெண் மருத்துவரிடம் நேரம் வாங்கினார்.

"உக்காருங்க மாஸ்டர்," என்றார் மருத்துவர். "இங்க சீட் பெல்ட் வேணாம்."

'அவள்' என்று மனத்தில் பதிந்துபோயிருந்தவரை 'அவர்' என்று திருத்திக்கொள்ள மாஸ்டருக்குச் சற்று நேரம் பிடித்தது. உதவிக்காக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைத் தேர்வுக்குப் படிப்பவர்போலப் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பளத்துக்கு அடியில ஊசியால நீல மருந்து கலந்த தண்ணிய ஏத்துவோம்," என்று மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். "கொப்புளம் மாதிரி மேல எழும்பும். எழும்பிடுச்சுன்னா ஒரு கம்பிச் சுருக்கைப் போட்டு இறுக்கி, கரண்ட் விட்டு அறுத்துடலாம். குடலுக்குள்ள அறுத்தா வலிக்காது, இழுத்தாத்தான் வலிக்கும். எழும்பலைன்னா, ஆழமா ஊனிக்கிச்சுன்னு அர்த்தம். அப்ப ஆபரேஷன்தான்."

"மடிப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்குன்னாங்களே?"

"ஆமா. அங்க போறதுக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும்." இதைச் சொல்லும்போது மருத்துவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "லேசா மயக்க மருந்து குடுப்போம். அன்னிக்கு முழுக்க நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

"அப்ப மருந்து வேணாம். அடுத்தவங்க ஓட்டும்போது நான் கண்ணை மூடினதா சரித்திரமே இல்ல. அதுவும் போக, வீட்டுல வேற யாருக்கு ஓட்டத் தெரியும்?"

மனைவியின் கவனம் குடலிலிருந்து கல்லீரலுக்குத் தாவியது.

"சரி, முழிச்சுக்கிட்டே பாருங்க. ஆனா உடம்பு அசையக் கூடாது. முக்கியமா கால்."

"என் கால் என் பேச்சைக் கேக்கும்."

கல்லீரலைப் பார்த்தபடியே அந்த அம்மாள் ஒருமுறை இருமினார்.

"முந்தின நாள்லேர்ந்து கெட்டியா எதுவும் சாப்பிடாதீங்க, பால்கூடக் கூடாது," என்று எழுந்த மருத்துவர், "எனக்கென்னமோ எழும்பிடும்னுதான் தோணுது," என்று முடித்தார். பால் கூடாதென்று சொன்ன வாயாலேயே வயிற்றில் பால் வார்த்த அந்தச் சாமர்த்தியத்தை மாஸ்டரால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் கண்முன் மூன்று கூம்புகள் சாய்ந்துகொண்டே வந்தன.

சிகிச்சைக்கு முந்தைய இரவின் வரலாற்றைக் கௌரவம் கருதிச் சுருக்கிவிடலாம். குடலைக் கழுவும் உப்புநீரைக் குவளை குவளையாகக் குடித்தார். போக்குவரத்து ஒரே திசையில், சிவப்பு விளக்கு ஏதுமின்றி, விடியும்வரை நடந்தது. அந்த வலது கால் எந்தப் பிரேக்கைத் தேடியும் பயனில்லை.

சிகிச்சை அறையில் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, "வேணும்னா மருந்து இதுவழியா ஒரு நொடியில போயிடும் ஐயா," என்றார் நர்ஸ். அகன்ற தோளும் கண்டிப்பான முகமும் கொண்ட அந்த அம்மையாரைப் பார்த்ததும், ஓட்டுநர் தேர்வு நடத்தும் அதிகாரிகள் மாஸ்டரின் நினைவுக்கு வந்தார்கள். தலைமாட்டுக்கு எதிரே பெரிய திரை. மருத்துவரின் இடக்கையில் குழாயின் பிடி. அதன் பக்கவாட்டில் இரண்டு சின்னச் சக்கரங்கள்.

"ஸ்டியரிங் ரெண்டா?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணு மேலயும் கீழயும், இன்னொண்ணு இடமும் வலமும்."

"ஒண்ணையே சமாளிக்கல, இதுல ரெண்டு..." என்று தொடங்கியவர், குழாய் எங்கே நுழைந்துகொண்டிருக்கிறது என்பதை உணர்ந்து மீதியை விழுங்கிக்கொண்டார்.

திரையில் ஈரமும் பளபளப்புமாய் ஓர் இளஞ்சிவப்புச் சுரங்கப்பாதை விரிந்தது. தம் உடம்புக்குள் இவ்வளவு நல்ல சாலை இருக்குமென்று மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை. முதல் வளைவு வந்தது. "மெதுவா, மெதுவா," என்றார். இரண்டாவது வளைவில் வயிறு இழுத்து வலித்தபோது நர்ஸ் உள்ளங்கையால் வயிற்றை அழுத்திப் பிடித்தார். குழாய் நழுவி முன்னேறியது. "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும், வளைவுல குறைக்கக் கூடாது. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!" சொல்லி முடிப்பதற்குள் வலது கால் படுக்கையின் விளிம்பை ஓங்கி மிதித்தது. திரையிலிருந்த சாலை குலுங்கி, சுவர் மட்டும் தெரிந்தது.

"பிரேக்கா மாஸ்டர்?"

"பழக்கதோஷம்."

கடைசி வளைவையும் தாண்டி ஒரு மடிப்பின் முன் குழாய் நின்றது. மடிப்பின் விளிம்பில் கம்பளத்தின் ஓரம் மட்டும் எட்டிப்பார்த்தது. நேரே போனால் மடிப்பின் முதுகு தெரியாது. தெரியாத இடத்தில் ஊசி போடவும் முடியாது. மருத்துவர் இரண்டு சக்கரங்களையும் கட்டைவிரலால் முழுக்கத் திருப்பிக்கொண்டே வலக்கையால் குழாயை மெல்ல உள்ளே செலுத்தினார். திரையில் சாலை வழுக்கிச் சுழன்றது. பிறகு, சாலையின் நடுவே கறுப்பாக ஏதோ ஒன்று நீளமாக வந்து நின்றது.

"அது என்ன?" என்று பதறினார் மாஸ்டர்.

"நாம வந்த குழாய்தான். முனையைத் திருப்பிப் பின்னாடி பாக்கறேன்."

மாஸ்டருடைய குடலுக்குள், அவர் கண்ணெதிரே, மூணு கூம்பு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். 'அவர்' என்பதெல்லாம் பறந்துபோயிற்று. ஆனால் மடிப்பின் முதுகிலிருந்த கம்பளம் இப்போது திரை முழுக்கத் தெளிவாக, ஒளிய இடமின்றி விரிந்து கிடந்தது.

ஊசியின் நுனி திரையில் எட்டிப்பார்த்துச் சுவரை நெருங்கியது. நெருங்க நெருங்க, வாழ்நாள் முழுக்கச் சுவர்களை நெருங்கிய எல்லா வண்டிகளும் மாஸ்டரின் காலுக்கு நினைவு வந்தன. உதைத்தது. மருத்துவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊசியை உள்ளிழுத்துக்கொண்டார்.

"முதல் கூம்பு விழுந்துச்சு மாஸ்டர்," என்றார், குரலை உயர்த்தாமல். "தட்டினது நீங்க."

பிறகு ஊசி பின்வாங்கிய இடத்தைத் திரையில் காட்டினார்.

"இந்த இடத்துல சுவர் நனைஞ்ச காகிதம் மாதிரி. ஊசியோ கம்பியோ இருக்கும்போது கால் இப்படி உதைச்சா ஓட்டை விழும். அப்புறம் நீங்க பயப்படற அதே ஆபரேஷன், அதுவும் அவசரமா. ஒண்ணு மருந்து போட்டுக்கங்க, இல்ல இதோட நிறுத்திக்கலாம். நீங்கதான் சொல்லணும்."

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை; காலும் ஓடாமல் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. தம் காலைப் பார்த்தார். அத்தனை விபத்துகளைத் தடுத்த கால், இப்போது ஒரு விபத்துக்குத் தயாராகக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றது.

"போடுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா வண்டிய யாரு எடுக்கறது? வாசல்ல நிக்குது."

நர்ஸ் வெளியே போய்த் திரும்பிவந்தார். "உங்க வீட்டம்மாவே ஓட்டுறாங்களாம்."

"அவளா? அவளுக்கு ஸ்டியரிங்குக்கும் பானை மூடிக்கும் வித்தியாசம் தெரியாது!"

"லைசென்ஸை எடுத்துக் காட்டினாங்களே. போட்டோல நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

மருத்துவர் முன்யோசனையுடன் குழாயிலிருந்து ஊசியை முழுக்கவே வெளியே எடுத்துவிட்டிருந்தது நல்லதாயிற்று. அன்றைய நாளின் ஆகப்பெரிய பிரேக் அப்போதுதான் விழுந்தது. மாஸ்டர் கோபித்துக்கொண்டு எழுந்துபோக விரும்பினார். ஆனால் கேமராக் குழாய் உள்ளே இருக்கையில் எந்த மனிதனும் கோபித்துக்கொண்டு எழுந்துபோனதில்லை.

"யாரு... யாரு அவளுக்குக் கத்துக்குடுத்தது?"

"எதிர்த் தெரு ஸ்கூல்," என்றார் மருத்துவர். "உங்ககிட்டேர்ந்து போய் அங்கதான் சேந்தேன். நானும் உங்க வீட்டு அக்காவும் ஒரே பேட்ச். நான் ரிவர்ஸ்ல தட்டித் தட்டி விட்ட கூம்பையெல்லாம் சலிக்காம நிமித்தி வெச்சது அவங்கதான்."

எத்தனையோ வருடங்களுக்கு முன் மனைவி மாலைதோறும் முதுகுவலிக்கான உடற்பயிற்சி வகுப்புக்குப் போனதும், முதுகு வெகு சீக்கிரம் குணமானதைத் தாமே ஊரெல்லாம் மெச்சிக்கொண்டதும் மாஸ்டருக்கு நினைவு வந்தன. அதற்குமேல் நினைப்பதற்குள் மருந்து கைவழியே குளிர்ந்து ஏறியது.

உலகம் பஞ்சுபோலாயிற்று. திரை மட்டும் இருந்தது. ஊசி சுவரைத் தொட்டது. அவருடைய வலது கால் நர்ஸின் கைகளுக்கிடையே, அடுத்த வீட்டுக்காரருடைய கால்போல ஒட்டுறவின்றிக் கிடந்தது.

"எழும்புதா?" என்று கேட்டார். நாக்கு தடித்திருந்தது.

"பொறுங்க."

கம்பளம் அசையவில்லை. மாஸ்டர் தம் வாழ்நாளில் முதன்முறையாக, எதையும் மிதிக்காமல் காத்திருந்தார். கம்பளத்தின் ஓரத்தில் ஒரு நீலம் கசிந்தது. பரவியது. நடுவில் தயங்கி நின்று, பிறகு ஒட்டுமொத்தக் கம்பளமும், அடியில் யாரோ முதுகைக் கொடுத்துத் தூக்குவதுபோல, நீலக் குன்றின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"எழும்பிடுச்சு," என்றார் மருத்துவர். அந்தக் குரலில் இருந்தது மருத்துவரின் நிம்மதி மட்டுமன்று என்பதைக் கவனிக்க மாஸ்டருக்கு நேரமில்லை. கம்பிச் சுருக்கு குன்றைச் சுற்றி விழுவதைப் பார்த்தார், இறுகுவதற்குள் தூங்கிப்போனார்.

கண்விழித்தபோது மருத்துவர் ஒரு சின்ன பாட்டிலை ஆட்டிக் காட்டினார். உள்ளே கசங்கிய துணிக்கிழிசல்போல் ஒன்று மிதந்தது.

"முழுசா வந்துடுச்சு. அறுத்த இடத்தைச் சின்னச் சின்ன கிளிப் போட்டு மூடியிருக்கு. பரிசோதனைக்கு அனுப்பறேன், முடிவு வரட்டும். சில மாசம் கழிச்சு இன்னொரு தடவ உள்ள போய்ப் பாத்துடலாம்."

மாஸ்டர் பாட்டிலை வெகுநேரம் பார்த்தார். "கூம்பு எதுவும் விழலையே?"

"ஒண்ணு விழுந்துச்சு. அது உங்க கணக்கு."

"சுவர்?"

"சுவரும் நல்லாருக்கு மாஸ்டர். நானும் நல்லாருக்கேன்."

மாஸ்டர் படுத்தபடியே தலையை ஆட்டினார். பயிற்சி முடிவில் ஒருவரைத் தேறியவராக ஒப்புக்கொள்ளும்போது அவர் அப்படித்தான் ஆட்டுவார்.

வாசலில் பயிற்சி வண்டி ஒரு தூணுக்கும் மருத்துவரின் காருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. பின்னோக்கி நேர்க்கோடாக நிறுத்தப்பட்டிருந்த மருத்துவரின் காரை மாஸ்டர் ஒரு சுற்று சுற்றிவந்து குறை தேடினார்; கிடைக்கவில்லை. மனைவி அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பின்னாடி உக்காந்துக்கறீங்களா?"

"முன்னாடியே வரேன்." ஏறி உட்கார்ந்தார். காலடியில் அந்த இரண்டாவது பிரேக் பழைய நண்பனைப்போலப் பார்த்தது. "இத்தனை வருஷம் மூச்சு விடலையே நீ."

"வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்னு சொன்னது நீங்கதானே. நான் ஸ்பேர் டயர். டிக்கியில ஸ்பேர் டயர் இருக்குன்னு யாராவது ஊரைக் கூட்டிச் சொல்லுவாங்களா?"

"பழக்கம் விட்டுப்போயிருக்குமே?"

"மத்தியானம் நீங்க தூங்கறப்பல்லாம் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவேன். பெட்ரோல் ஒழுகுதுன்னு டேங்கையே மாத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?"

மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. மெக்கானிக்கைத் திட்டியதும் ஞாபகம் இருந்தது.

"நான் இப்ப பின்னாடி எடுக்கணும்," என்றார் மனைவி. "அந்தக் கால் சும்மா இருக்குமா?"

மாஸ்டர் யோசித்தார். பிறகு வலது காலைத் தூக்கி இருக்கையின்மேல் வைத்தார். அதற்குத் துணையாக இடது காலையும் தூக்கி, சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டின்மேலும் கைகளைக் கட்டி வைத்துக்கொண்டார். வண்டி பின்னோக்கி ஊர்ந்தது. தூண் பக்கவாட்டில் மிக அருகே வந்தது. அவருடைய வலக் கட்டைவிரல் மடிக்குள் ஒருமுறை துடித்தது. மாஸ்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க, கண்ண மூடிட்டீங்க?" தூண் கடந்து, திருப்பம் கடந்து, வண்டி சாலையில் ஏறிய பிறகுதான் மனைவி கேட்டார்.

"மருந்து இன்னும் தெளியல," என்றார் மாஸ்டர், கண்களைத் திறக்காமல்.