நாப்பத்தெட்டுக் கிலோ உப்பு

எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும்னு என் பொண்டாட்டி செல்லி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. பொய் இல்ல. ஆனா அந்த மாசம் எனக்கு வந்தது நியாயமான கோபம்.

அதியமான்கோட்டையில ஹைவேயை ஒட்டி சவுரியப்பன் சாரோட பண்ணை வூடு இருக்குது. சனி ஞாயிறுன்னா பெங்களூர்ல இருந்தும் சேலத்துல இருந்தும் குடும்பம் குடும்பமா வந்து தங்குவாங்க. அங்க நீச்சல் குளத்தைப் பாத்துக்கறது நானு. கூட்டித் தொடைக்கறது செல்லி. நாப்பதாயிரம் லிட்டர் குளம், உப்புத் தண்ணி. உப்புன்னா கடல் மாதிரி கரிக்காது, நம்ம கண்ணீர்ல இருக்கறதுல பாதிகூட வராது. அந்த உப்புல இருந்து ஒரு மிஷின் தானா குளோரின் செஞ்சுக்கும். மீட்டர்ல மூவாயிரத்து நானூறு காட்டணும். ரொம்பக் கொறைஞ்சாலும் மிஷின் ஓடாது. நாலாயிரத்தஞ்சூறைத் தாண்டிச்சுன்னா செவப்பு விளக்கைப் போட்டுக்கிட்டுப் படுத்துக்கும். அது படுத்தா நாலு நாள்ல குளம் பாசி புடிச்சுப் போயிடும்.

இதையெல்லாம் செல்லிகிட்ட நான் பீத்திக்கிட்டது உண்டு. "கோயில் குளம் மாதிரிதான் புள்ள. உப்பு கரையக் கரையத் தண்ணி சுத்தமாவும்"னு சொல்லியிருக்கேன். என் வாய்தான் எனக்கு எமன்.

ஒன்றரை மாசமா மீட்டர் ஏறிக்கிட்டே போச்சு. மூவாயிரத்தறுநூறு, மூவாயிரத்தெண்ணூறு, நாலாயிரம். நான் ஒரு கைப்பிடி உப்புகூடப் போடல. எங்க பக்கத்து போர் தண்ணிதான் உப்புச் சவுராச்சே, அதுதான் காரணமோன்னு அதைப் புடிச்சுப் பாத்தேன். நானூறுதான் காட்டிச்சு. மீட்டரைக் கழுவிப் பாத்தேன், அப்பவும் அதே கதை. கடைசியில வாட்ச்மேன் ஆண்டி மேல சந்தேகம் வந்துச்சு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, பழமொழியே அவன் பேர்லதானே இருக்குது.

வியாழக்கிழமை செவப்பு விளக்கு எரிஞ்சிருச்சு. சார் வந்து பாத்தாரு.

"ஞாயித்துக்கிழமை என் பேத்திக்குப் பொறந்தநாளு மாதையா. அறுவது பேர் வர்றாங்க. குளம் சரியாவலன்னா திங்கக்கிழமை உன் வேலையை ஓசூர்க் கான்ட்ராக்ட்காரன்கிட்ட விட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்காத."

எனக்கு அம்பத்திரெண்டு வயசு. கழுத்துலயும் வலது கையிலயும் அவரைக்கொட்டை அவரைக்கொட்டையா மரு. இந்த மூஞ்சிய எவன் வேலைக்குச் சேப்பான்? இந்தச் சாரே ரெண்டு மாசம் முன்னாடி, "கொழந்தைங்க உன்னைப் பாத்து மெரளுதுங்க, அதுக்கு எதாவது வைத்தியம் பாரு, இல்லன்னா இங்க கஷ்டம்"னு சொன்னாரு. பக்கத்துல செல்லி தொடப்பத்தோட நின்னுக்கிட்டு இருந்தா. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். அவ சிரிக்கல.

வெள்ளிக்கிழமை விடியறப்பவே போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால குந்திக்கிட்டேன், ஆண்டியைக் கையும் களவுமாப் புடிக்கலாம்னு. ஆண்டி வாசல் கேட்டுகிட்ட நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கறான். குளத்துக்கு வந்தது செல்லி.

செருப்பைக் கழட்டி விட்டா. கட்டைப்பையில இருந்து ஒரு கல் உப்புப் பொட்டலத்தை எடுத்தா. கிழக்கப் பாத்து நின்னு அப்படியே கொட்டினா. கையெடுத்துக் கும்பிட்டா.

"ஆத்தா, இந்த உப்பு கரையற மாதிரி எங்க மாமாவோட மருவெல்லாம் கரைஞ்சு போவணும். அவரு வேலை நெலைக்கணும்."

மோட்டார் ரூமுக்குப் பின்னால இருந்து எந்திரிச்சு வந்தேன்.

"அடிப் பாவி, நீயா? சொந்தக் காசுல சூனியம் வச்சிருக்கியேடி."

அவ தூக்கி வாரிப்போட்டுத் திரும்பினா. "மாரியாத்தா கோயில் குளம் காஞ்சு கெடக்குது மாமா. நான் எங்க போய்க் கரைப்பேன்? நீங்கதானே இதும் கோயில் குளம் மாதிரின்னீங்க. உப்பு போட்டா நல்லதுன்னீங்க."

"எத்தினி நாளா?"

"ஒரு மண்டலம் வேண்டியிருக்கேன். காரிமங்கலம் சந்தையில மூட்டையா வாங்கி, தெனம் ஒரு கிலோ. இன்னியோட நாப்பத்தாறு."

"ஒரு கைப்பிடி போட்டாப் பத்தாதா?"

"உங்க மரு என்ன ஒண்ணா ரெண்டா?"

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். ஒரு கிலோவுக்கு இருபத்தஞ்சு ஏறும். நாப்பத்தாறு கிலோ. மீட்டர் ஒரு நம்பர்கூடப் பொய் சொல்லல. செவப்பு விளக்கைக் காட்டி, சார் சொன்னதையும் சொன்னேன். அப்படியே படியில ஒக்காந்துட்டா. "உங்க வேலைக்காகத்தான் வேண்டிக்கிட்டேன். நானே கெடுத்துட்டேனே"ன்னு அழுதா. திட்டறதுக்கு வாயைத் தொறந்தவன் அவ பக்கத்துல ஒக்காந்துட்டேன். இருபத்தெட்டு வருசத்துல எனக்காக இவ ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. அத்தனையும் சாமிகிட்டயே பேசியிருக்கா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

சார்கிட்ட, "உப்பு கூடிப்போச்சு சார், தப்பு என்னுது"ன்னு ஒத்துக்கிட்டேன். மொறைச்சாரு, ஆனா ரெண்டு டேங்கர் நல்ல தண்ணி வரவழைச்சாரு. பகல் பூரா இருந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா எறைச்சுட்டுப் புதுசை விட்டேன். மீட்டர் எறங்கிக்கிட்டே வந்துச்சு. மூவாயிரத்து நானூறு வந்ததும் மோட்டாரை நிறுத்தப் போனேன். செல்லி தூரத்துல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. வேண்டுதல்ல இன்னும் ரெண்டு நாள் பாக்கி. அவ கேக்கல, கேக்கவும் மாட்டா.

இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னு விட்டேன். மூவாயிரத்து முன்னூத்தம்பதுல நிறுத்தினேன்.

"நாளைக்கு ஒரு கிலோ, நாளானிக்கு ஒரு கிலோ. அதுக்கு மேல ஒரு கல்லு விழுந்தாலும் ஆத்தாகிட்ட நானே பேசிக்குவேன்"னேன். மூஞ்சைத் திருப்பிக்கிட்டா. சிரிக்கறான்னு எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை காலையில சார் வந்தப்ப பச்சை விளக்கு எரியுது, அடியில பதிச்ச டைல்ஸ் தெரியுது. குனிஞ்சு மீட்டரைப் பாத்தாரு.

"அப்படியே மூவாயிரத்து நானூறு. ஒரு புள்ளி அப்படி இப்படி இல்ல. எப்படிய்யா இவ்வளவு கணக்கா உப்பு போட்ட?"

கழுத்துல மரு அப்படியேதான் இருந்துச்சு. தடவிக்கிட்டே சொன்னேன்.

"நான் போடலீங்க சார். எங்கூட்டுக்காரி கைப்பக்குவம்."