முப்பத்தேழு முக்கோணங்கள்

விளாங்குடி வீட்டில் பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குத் தாள்களைத் திருத்தத் திருத்த இன்பசேகரன் சாருக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ஒரு பயபுள்ளைக்காவது முக்கோணம் வரையத் தெரிகிறதா? எல்லார் கோடும் நடுவில் நெளிந்திருந்தது. ஆளுக்கு ஒரு மார்க்கைக் குறைத்து, சிவப்பு மையில் ஒரு வரி திட்டும் எழுதிவைத்தார். முப்பத்தெட்டாவது தாள், எப்போதும் முதல் ரேங்க் எடுக்கும் ஆன்சியுடையது. அதிலும் நெளிவு.

“இவளுமா?”

ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். ஸ்கேலும் நெளிந்திருந்தது.

வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார், ஸ்கேல் நேரானது. இடது கண்ணைப் பொத்தினார், மறுபடி வளைந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் புரை எடுத்து லென்ஸ் வைத்த வலது கண்ணைத்தானே இத்தனை நாளும் நல்ல கண் என்று நம்பியிருந்தார்?

மனைவி அற்புதமேரியைக் கூப்பிட்டார். “இந்த ஸ்கேல் உனக்கு எப்படித் தெரியுது?”

“ஸ்கேல் மாதிரித்தான் தெரியுது. ஏங்க, கண்ணு என்னமும் பண்ணுதா? கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“இரு, வாரேன்.”

வலது கண்ணைப் பொத்தியபடியே முதல் தாளைப் புரட்டினார். முக்கோணம் அம்சமாக நின்றது. பக்கத்தில் அவருடைய கையெழுத்து: ‘கண்ணைத் திறந்து வரை.’

முப்பத்தேழு தாளிலும் அதையே எழுதியிருந்தார்.