எமரி தன் அக்கா வீட்டுக்குப் போனது

எங்கள் பழங்குடியில் வீடும் நிலமும் பெண்வழிச் சொத்து. ஆர்லீன் இறந்ததும் அவள் வீடு மகள் லெனோராவுடையதாயிற்று. லெனோரா புருஷன் பிள்ளைகளோடு நகரத்திலிருந்து வந்து குடியேறினாள். நாற்பது வருஷம் அந்தக் கூரைக்கு மண் பூசியவர் ஆர்லீனின் புருஷன் எமரிதான். ஆனாலும் அவர் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்.

"இருங்கப்பா, யாரு உங்களைப் போகச் சொன்னா?" என்றாள் லெனோரா. மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அவர் உட்காரும் மூலையில் பிள்ளைகளின் கட்டில் வந்தது. நாற்காலியைச் சன்னலோரம் நகர்த்திக்கொண்டார். பிறகு கதவோரம்.

வைகாசி வெயிலில் பக்கத்துப் பாறைமேட்டு ஊரிலிருந்து அக்கா ஈடித் வண்டியோடு வந்துவிட்டாள்.

"ஏன்டா, இன்னும் விருந்தாளி மாதிரி இங்க குந்திக்கிட்டிருக்க? நம்ம அம்மா வீடு எதுக்கு இருக்கு?"

"சோளம் விதைச்சிருக்கேன் அக்கா."

"சோளம் வந்து உனக்குக் காப்பி போட்டுத் தருமா? மூட்டையைக் கட்டு."

ஒரு பெட்டி, இரண்டு கம்பளி, விதைக்குழி தோண்டும் கோல். அவ்வளவுதான் இருந்தது.

பிறந்த வீடுதான். ஆனால் ஈடித்துக்குக் காது மந்தம். ரேடியோ நாள் முழுக்க அலறும். எமரி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். விடிந்ததும் கீழே ஆர்லீனின் நிலத்துக்கு நடந்துவிடுவார். எங்கள் ஆண்கள் சோளப் பயிருக்குப் பாடுவார்கள். எமரிக்கு அந்த வருஷம் பாட்டு வரவில்லை. "இன்னிக்கு அக்கா குழம்புக்கு உப்பே போடல, தெரியுமா?" என்று செடிகளிடம் சொல்வார். ஆர்லீனிடம் சொல்லியிருக்க வேண்டியவை.

அறுவடையானதும் நீலச் சோளம் முழுவதையும் லெனோராவின் வாசலில் இறக்கினார். கதிர்களைத் தொட்டுப் பார்த்து, எங்கள் பெண்கள் சொல்லும் முறைப்படி அவள் "அஸ்க்வாலி" என்று நன்றி சொன்னாள். குரல் அப்படியே ஆர்லீனுடையது. எமரி சாக்கை மடிப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கப்பா, சாப்பிட்டுட்டுப் போங்க."

ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டார். தட்டைக் கழுவினார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலமாரி இடம் மாறியிருந்தது. மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். இருக்கச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. அதில் தவறும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் ஆர்லீனின் நிலத்தில் லெனோராவின் புருஷன் விதைத்தான். எமரி தன் அக்காவின் நிலத்தில் மணல் மண்டிய ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் மழை குறைவு. விதைத்த சோளத்தில் பாதிதான் முளைத்தது.