டாக்டருக்கு ஒரு ஊசி

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் டாக்டர் மகாதேவனின் கிளினிக்கில் எந்த வியாதிக்கும் பாரபட்சம் கிடையாது. காய்ச்சலோ, மூட்டுவலியோ, மகன் பரீட்சையில் தோற்ற கவலையோ, எல்லாவற்றுக்கும் ஒரு ஊசி, ஒரு சிவப்பு மாத்திரை, ஒரு வெள்ளை, அரை மஞ்சள். மஞ்சளை ஏன் உடைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. முழுசாகக் கொடுத்தால் வைத்தியம் மாதிரி இருக்காது.

ஊசியில் இருப்பது வைட்டமின். இது டாக்டருக்கும் கம்பவுண்டர் நயினாருக்கும் மட்டும் தெரியும். எதிர்ச்சந்தில் புதிதாகக் கடை விரித்திருக்கும் டாக்டர் ராஹில், எடுத்த எடுப்பிலேயே சலைன் பாட்டிலைத் தொங்கவிடுகிறாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து மகாதேவன் வறட்டு இருமலைக்கூட ஊசி போடாமல் வெளியே விடுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டருக்கே காய்ச்சல். மாட்டுங்கா வீட்டிலிருந்து வந்து இறங்கும்போதே கண் சிவந்திருந்தது. திரைச்சீலைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஜனம். உள்ளே பேசுவது வெளியே கேட்கும் என்பது காய்ச்சலில் அவருக்கு மறந்துவிட்டது.

"ஊசி ரெடி பண்ணட்டுமா சார்?" என்றார் நயினார்.

"என்ன நயினார், விளையாடறீரா? எனக்கு எதுக்கு ஊசி? வைரல் ஃபீவர். ரெண்டு நாள் படுத்தாத் தானாப் போயிடும்."

பெஞ்சு முழுக்கக் காதில் விழுந்தது. அங்கே பாதிப்பேருக்கு அதே காய்ச்சல்.

இட்லி வியாபாரம் செய்யும் சண்முகவடிவு எழுந்தாள். ஊசி போடாமல் வீடு திரும்பியறியாதவள். முந்தானையைச் செருகிக்கொண்டு திரையை விலக்கினாள். டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷப் பிராக்டிஸும் அவள் வாயில் இருந்தது.

"அய்யா, ஊசின்னா ஒங்களுக்குப் பயமா?"

பயமில்லை என்றால், பிறகு ஊசி ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் பெஞ்சு மொத்தமும் எழுந்து எதிர்ச்சந்துக்குப் போய்விடும்.

"கொஞ்சம்," என்றார் டாக்டர்.

"இதுல வெக்கம் என்ன? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பம்முவாரு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு நீங்கதான சொல்லுதீக. நயினாரண்ணாச்சி, போடுங்க. நாங்க இருக்கோம்லா."

நயினார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மருந்தை ஏற்றினார். டாக்டர் அவசர அவசரமாகச் சட்டைக் கையை மடித்தார்.

"கையிலயா?" டாக்ஸி ஓட்டும் நாகராஜ் பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார். "கையில போட்டா பவர் ஏறாதுன்னு என்கிட்டச் சொன்னீகளே சாப்! இடுப்புல போடுங்க."

இடுப்புதான் என்று பெஞ்சு ஏகமனதாகத் தீர்மானித்தது.

திரையை மூடினார்கள். சண்முகவடிவு உள்ளேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அலறல் கேட்டது. எறும்பைப் பற்றி டாக்டர் அதன் பிறகு யாரிடமும் பேசியதில்லை. சிவப்பு, வெள்ளை, அரை மஞ்சள் மூன்றையும் அவள் பார்க்கவே விழுங்கினார்.

வியாழக்கிழமை காய்ச்சல் தானாகப் போனது.

"பாத்தீகளா, ஊசி கேட்டிருச்சு!" என்றது பெஞ்சு. தனக்கே போட்டுக்கொள்கிற டாக்டர் என்று பேச்சு பரவி, எதிர்ச்சந்தில் சலைன் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் இங்கே வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை இருமல் மட்டும் லேசாக மிச்சமிருந்தது. டாக்டரே ஆரம்பித்தார்.

"நயினார், எதுக்கும் இன்னொண்ணு போட்டுடலாமா? கையிலே."

"கையில போட்டா பவர் ஏறாது சார்," என்றார் நயினார்.