கூலர் தொட்டியில் குடியேறிய கணவாய்கள்

1979 கோடையில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில், வேதாந்தத்தின் கூலர் தொட்டியில் மூன்று கணவாய்கள் குடியேறின. கடலிலிருந்து தில்லிக்கு எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வந்த மாதிரிதான், மாற்றலாகி. வெங்காயம்கூட வாசல் தாண்டாத வீடு. ஆனால் வேதாந்தம் விலங்கியல் இலாகாவில் பெரிய அதிகாரி. இலாகாவே வீடு தேடி வந்துவிட்டதாகப் பூரித்து, கூலருக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். தொட்டியில் உப்புக் கரைக்க, ஆபீஸ் குமாஸ்தா ஜம்பு ஞாயிறுதோறும் வரவழைக்கப்பட்டான். ஜம்பு குள்ளம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வேதாந்தத்தின் மகள் பூங்கோதை. அவளிடம் கேட்க அவனுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. தீபாவளிக்குள் பம்பாய் மாப்பிள்ளைக்கு நிச்சயம் என்று பேச்சு. நடுவில் வேதாந்தம் பீரோ மாதிரி நின்று விரிவுரை ஆற்றினார்.

"பாரு ஜம்பு, பெரிய ஆண் காவல் நிக்கறது. அந்தப் பொடியன் பண்றதைப் பாரு! காவல்காரன் பாக்கற பக்கம் பெண்ணோட நிறம், பெண் பாக்கற பக்கம் சொந்த நிறம். கோடி வருஷத் திருட்டு! தடியனுக்குத் தெரியறதோ? அசடு!"

"ஆமா சார்," என்றான் ஜம்பு. கேட்டுக் கேட்டு அவன் தோல் பாடம் படித்துவிட்டது.

ஆவணியில், கூலரின் புல்தட்டியில் முட்டைக் கொத்துகளைத் தொங்கவிட்டு, தங்கள் குல வழக்கப்படி மூன்று கணவாய்களும் செத்துப்போயின. பிறகு நவராத்திரி. கொலுவுக்குப் பெண்கள் மட்டுமே அழைப்பு. வேதாந்தம் வாசலில் நின்றார். ஜம்பு வந்தான். அவர் பார்த்த இடப்பக்கம் மயில்கழுத்துப் பட்டுப்புடவை, மூக்குத்தி, கனகாம்பரம். வலப்பக்கம் புஷ் சட்டையும் வியர்வையும்.

"வாங்கோ மாமி, சுண்டல் வாங்கிக்கோங்கோ" என்று அவரே வழிவிட்டார். உள்ளே மாமிகள் புடவையை எந்தக் கடையில் எடுத்தது என்று விசாரித்தார்கள்.

குங்குமச் சிமிழோடு வந்த பூங்கோதையிடம் வலப்பக்கத்தைத் திருப்பி ஜம்பு கேட்டுவிட்டான். எவன் வந்தாலும் யாருடைய குஞ்சு என்பதைப் பெண் கணவாயே முடிவு செய்யும். அப்பா தன் விரிவுரையில் எப்போதும் விட்டுவிடும் இடம் அது. அவள் விடவில்லை.

"எனக்குச் சம்மதம். ஆனா முட்டை இட்டதும் அதுகள் பாவம், போயிடுத்தே?"

ஜம்புவின் புடவை வெளுத்தது.

"நாம அதுகளோட சொந்தக்காரன் நாட்டிலஸ் மாதிரி இருக்கலாம். ஓட்டுக்குள்ள நிதானமா, வருஷத்துக்குப் பத்து முட்டை, நீண்ட ஆயுசு" என்றாள் பூங்கோதை.

"வருஷத்துக்குப் பத்தா?"

"அதை அப்புறம் பேசலாம். ஜல்தி சுண்டல் எடுத்துக்கோங்கோ, அப்பா பாக்கறார்."

பம்பாய் மாப்பிள்ளை வேண்டாம், ஜம்புதான் என்று அவள் சொன்ன அன்று வேதாந்தம் கோபித்துக்கொண்டு கூலர் முன் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் முட்டைகள் பொரிந்துகொண்டிருந்தன. குஞ்சுகள் அத்தனையும் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். வேதாந்தம் விஞ்ஞானத்துக்குத் தலைவணங்கினார். அது தன்னுடைய விரிவுரையாகவே இருந்ததால் கழுத்து வலிக்கவில்லை. தை மாதம் மலை மந்திர் முருகன் கோயிலில் கல்யாணம். போட்டோவில் இரண்டு மணப்பெண்கள் நிற்கிறார்கள், கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது.

அவசரமே இல்லாமல், ஏழு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரிட்டையரான வேதாந்தம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கூலர் எதிரே பேசுகிறார். பேச்சு நீண்டால் அவள் மெல்ல அவருடைய வேட்டியின் நிறத்துக்கு மாறி மறைந்துபோவாள். மடியில் கனம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.