மூலையில் உட்கார்ந்திருந்த ஆள்

காலை ஷிப்ட் முடிந்து பில் கவுண்டரைப் பூட்டிவிட்டு மாறன் கேமராப் பையைத் தோளில் மாட்டும்போது, முதலாளி சந்தானம் தன் போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதுதாம்ப்பா. இதையே பெருசாப் போட்டு ஏசி ஹால்ல மாட்டிருவோம்." திரையில் கண்மாய்க் கருவேலங்காடு. மாறனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு நொடிதான். அது அவன் எடுத்த படம் இல்லை. அவன் பெண்டாட்டி நாகஜோதி, ஓரம் உடைந்த போனில் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்த படம். "ஒன் வீட்டுக்காரி எடுத்ததாமே? பனி இறங்குற மாதிரி எப்படி எடுத்திருக்கு பாரு!" என்றார் முதலாளி. பெண் கொடுத்த மாமனாரைப்போல அவர் முகத்தில் அத்தனை பூரிப்பு.

கப்பலூரைத் தாண்டி நாலுவழிச் சாலையோரம் இருந்த அந்த டிபன் ஓட்டலில் இரண்டு பேருக்குமே பிரேக் ஷிப்ட். மாறன் பில் போடுவான். ஜோதி காய் நறுக்கி, ஹாலைத் துடைத்து வைப்பாள். காலை வேலை பதினொன்றுக்கு முடியும். மறுபடி நாலு மணிக்கு நின்றால் போதும். இடையில் உசிலம்பட்டி வீட்டுக்குப் போய்த் திரும்ப பஸ்ஸே நேரத்தைத் தின்றுவிடும். மற்றவர்கள் மாடியில் விழுந்து தூங்குவார்கள். இவர்கள் ரோட்டைக் கடந்து கண்மாய்க்கு நடப்பார்கள். கண்மாய்க்குள் ஒரு காலத்தில் வனத்துறை நட்ட நாட்டுக் கருவேல மரங்கள், வெயில் தரையைத் தொட வழி தேடுகிற அளவுக்கு அடர்ந்து கிடந்தன. மாறன் ஆரப்பாளையத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் சில வருடம் இருந்தவன். அங்கிருந்து கிளம்பும்போது வாங்கிய பழைய கேமராதான் அவனுடைய சொத்து, கௌரவம் எல்லாம். தன் படங்கள் எடுபடாததற்கு அவனிடம் காரணம் தயாராக இருந்தது. உச்சி வெயிலில் காட்டைப் படம் எடுத்தால் படம் செத்துப்போகும். பிரேக் ஷிப்டுக்காரனுக்கு உச்சி வெயிலைத் தவிர வேறு என்ன கிடைக்கிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டீ மாஸ்டர் சோலை ஒருநாள் சொல்லிவிட்டு ஓடினான்.

ஜோதிக்கு இந்த வியாக்கியானம் ஒன்றும் கிடையாது. அவள் பாட்டுக்குப் பின்னால் வருவாள். பூவைப் பொறுக்குவாள், கொக்கைப் பார்த்துச் சிரிப்பாள், நினைத்தபோது போனை எடுத்து ஒரு தட்டு தட்டுவாள். "தள்ளு ஜோதி, ஃப்ரேமுக்குள்ள வார" என்பதுதான் காட்டுக்குள் அவன் அவளிடம் அதிகம் பேசிய பேச்சு. புதிய ஏசி ஹாலுக்கு ஒரு பெரிய படம் வேண்டும், கடையில் விற்கிற வெளிநாட்டு அருவி வேண்டாம், நம்ம ஏரியாக் காடாக இருக்கட்டும் என்று முதலாளி சொன்னதும், மாறன் தன் படங்களில் பத்தைப் பொறுக்கிப் பென்டிரைவில் கொடுத்திருந்தான். "பாக்குறேன்" என்று அவர் வாங்கி மேஜைக்குள் போட்டார். அது அங்கேயேதான் கிடந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மாறன் தனக்குள் சொல்லிக்கொண்டான். வயிறு எரிந்தது. அந்தப் படத்தில் பின்னால் நிற்கிற மரங்களெல்லாம் வெளுத்துப்போயிருக்கின்றன. வெளிச்சம் கூடிப்போன தப்பு அது. பனியாம் பனி! மதுரைச் சீமையில் மத்தியானத்தில் ஏது பனி?

"ஒண்ணே ஒண்ணு" என்றார் முதலாளி. திரையின் இடது மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார். "இங்க ஒரு ஆளு குத்தவச்சிருக்கான் பாரு. தலையில துண்டு வேற. வெளிக்கி இருக்கிற மாதிரியில்ல இருக்கு? சாப்பிடுற எடத்துல இது நல்லாவா இருக்கும்? நீ கம்ப்யூட்டர்ல மெனு கார்டெல்லாம் போடுறவன்தான. அந்த ஆளை மட்டும் அழிச்சுட்டு, கீழ ஒன் வீட்டுக்காரி பேரைப் போட்டுரு."

ஈரக் கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்த ஜோதிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாயைப் பொத்தினாள். முதுகைக் காட்டிக் குனிந்து, மண்ணில் எதையோ படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆள் மாறன். கேமரா அவன் உடம்புக்கு முன்னால் மறைந்துபோயிருந்தது.

"மொதலாளி, அது வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எடுத்துரலாம் மொதலாளி" என்று மாறன் வெட்டினான். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, மாறனுக்குப் புரியாத சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே நகர்ந்தார். நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. தன்னைப் பற்றித்தான் என்று மாறனுக்குத் தோன்றிவிட்டது.

குழாயடியில் ஜோதி அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அழிக்க வேணாம். படமே வேணாம்னு சொல்லிருவோம். ஒங்க படத்துல ஒண்ண மாட்டச் சொல்லுவோம்."

"ஏன்? கீழ ஒன் பேரு போடச் சொல்லிருக்காரு. சந்தோசமா இரு."

"எனக்கெதுக்குங்க பேரு?"

"அப்ப எனக்குப் பிச்சை போடுறியா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டின் இருபக்கமும் பார்த்து, தனியாகக் கண்மாய்க்குப் போனாள். அவன் இல்லாமல் அவள் அந்தக் காட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை. அதற்கும் அவனுக்கு எரிந்தது.

முதலாளி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஆளை அழிப்பது அவனுக்குப் புதிதில்லை. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து, சண்டை போட்டுப் பிரிந்த ஒரு மருமகனையே அடையாளம் தெரியாமல் அழித்தவன். பக்கத்துத் தரையை எடுத்து ஆள் மேல் பூசிக்கொண்டே போக வேண்டியதுதான். படத்தைப் பெரிதாக்கினான். தன் முதுகு, கழுத்தடியில் சட்டை கிழிந்து தைத்த இடம், துண்டின் நூல் நூலான கரை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நிழலுக்குள் உட்கார்ந்திருந்தவன் மேல் இவ்வளவு வெளிச்சம் எப்படி விழுந்தது?

கை நின்றுவிட்டது. போனில் எந்த இடத்தை விரலால் தொடுகிறோமோ, அந்த இடத்துக்குத்தான் போன் வெளிச்சம் கூட்டும். அவள் தொட்டது மரத்தை இல்லை. நிழலில் இருந்த அவனைத் தொட்டிருக்கிறாள். அவனுக்குக் கூட்டிய வெளிச்சத்தில்தான் பின்னால் வெயிலில் நின்ற மரங்கள் வெளுத்துப் பனியாகிவிட்டன. முதலாளி மயங்கிய பனி அவன் முதுகிலிருந்து வந்தது. இது காட்டுப் படமே இல்லை.

பொறாமை அப்போதும் விடவில்லை. ஆனால் இடம் மாறியது. அந்த மூலையில் உட்கார்ந்திருந்த ஆள் மேல் மாறனுக்குப் பொறாமையாக இருந்தது. பின்னால் ஒருத்தி நின்று தன்னை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியாமல், மடையன், மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேமராவை எடுத்துத் தன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மரம், கொக்கு, மரம், இலை. ஜோதி எதிலும் இல்லை. ஒன்றில் மட்டும் ஓரமாக அவள் சேலை முந்தி. அந்தப் படத்தை அவன் வேஸ்ட் என்று ஒதுக்கியிருந்தான்.

வெளியிலிருந்து சோலை எட்டித் திரையைப் பார்த்தான். "என்ன மாப்ள, ஒன்னைய நீயே அழிச்சுட்டியா?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

அழித்தான். சொன்ன வார்த்தையைச் செய்தாக வேண்டும் என்பது பாதி. அவள் படம் முழுசாக அவள் நினைத்தபடி இருந்துவிடக் கூடாது என்பது மீதி. துண்டு போனது, முதுகு போனது. அவன் இருந்த இடத்தில் பூசிய மண் மொழுமொழுவென்று செத்துக் கிடந்தது. அங்கே ஏதாவது ஒன்று உயிரோடு இருக்க வேண்டும் என்று அவன் கண்ணுக்குத் தோன்றியது. அன்றைக்கு அதே இடத்தில் உட்கார்ந்து அவன் எடுத்த படம் கேமராவில் இருந்தது. ஐப்பசி மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பிவந்த, வெல்வெட் துணிபோல மினுங்குகிற சின்னச் சிவப்புப் பட்டுப்பூச்சி ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தது. அவளிடம் காட்டியபோது, "அட, ஒட்டுப்பொட்டு மாதிரி இருக்குங்க" என்றாள். இம்புட்டுக் கஷ்டப்பட்டு எடுத்தால் பொட்டு என்கிறாளே என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அந்தப் பூச்சியை, அது ஊர்ந்த ஈர மண்ணோடும் உதிர்ந்த மஞ்சள் பூவோடும் வெட்டி எடுத்தான். சிறிதாக்கி, தான் இருந்த இடத்தில் வைத்து, ஓரத்தை மெல்லக் கரைத்தான். யாருக்கும் தெரியாது. ஊரே வந்து பார்க்கப்போகிற நாகஜோதியின் படத்துக்குள் ஒரு சாண் இடம் அவனுடையது. கீழே அவள் பெயரை எறும்பு எழுத்தில் அடித்தான். முதலாளி வந்து பார்த்து, "நல்லாப் பெருசாப் போடுப்பா, காசா பணமா" என்றார். பெரிதாக்கினான்.

மதுரைக்குப் போய்ப் பிரிண்ட் ஆகி, கண்ணாடி போட்டுப் படம் வந்தது. சுவர் நிறைந்து காடு நின்றது. சாப்பிட வந்தவர்கள் இது எந்த மலை என்று கேட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் நம்பவில்லை. ஜோதியைக் கூப்பிட்டு முதலாளி அதற்கு முன்னால் நிற்கவைத்தார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இடது மூலைப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அன்றும் மறுநாளும் அவனோடு கண்மாய்க்கும் வரவில்லை. மாடியில் பெண்கள் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை, கூட்டம் தொடங்குமுன், துணியும் தண்ணீருமாக அவள் கண்ணாடியைத் துடைக்க வந்தாள். கவுண்டரிலிருந்து அவனுக்குத் தெரிந்தது. மேலிருந்து துடைத்து இறங்கியவள் கடைசியாக அந்த மூலைக்கு வந்தாள். சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. யாரோ சட்னிக் கையை வைத்துவிட்டான் என்று நினைத்திருப்பாள்; அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

"அண்ணே, மிச்சத்தைக் குடுங்க" என்றான் எதிரே நின்ற டிரைவர். மாறன் கையில் நோட்டோடு அப்படியே இருந்தான். அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கண்டுபிடிக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருந்தது.

ஜோதி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தாள். இன்னும் குனிந்து, முகத்தைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது. அந்த மூலை முழுக்கப் பனி மூடிக்கொண்டது. அவள் அசையாமல் அப்படியே குனிந்திருந்தாள். பனி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் ஈர மண், பிறகு ஒரு மஞ்சள் பூ, கடைசியாக அந்தச் சிவப்பு.