தலைமாட்டு அட்டை

அண்ணி முதலில் செய்த வேலை, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்ததுதான். அப்பாவை அப்போதுதான் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மெத்தையில் அவர் படுத்திருந்த குழி இன்னும் நிமிரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நகத்தால் டேப்பைச் சுரண்டி, அட்டையை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அண்ணி கூடத்துக்குப் போனாள். கதவோரம் நின்ற நாத்தனார் சின்னவளை அவள் கவனிக்கவில்லை.

மாமனார் போன துக்கத்தில் இருப்பவளுக்கு அட்டை மேல் என்ன அவ்வளவு அவசரம்? சின்னவள் கூடைக்குள் கையை விட்டு எடுத்தாள். நீல மசியில் மூன்றே ஆங்கில எழுத்துகள். என்.பி.எம்.

அந்த வீட்டில் எல்லாமே எழுத்துகள்தான். அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அண்ணன் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்ப்பவன். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் வீட்டையே வார்டாக்கி வைத்திருந்தார்கள். அண்ணனுக்குக் காபி பி.டி., அதாவது காலை ஒன்று, மாலை ஒன்று. உடனே வேண்டுமென்றால் ஸ்டாட். "என்னைத் திட்டறதா இருந்தா எனக்குப் புரியற பாஷையில திட்டுங்கப்பா" என்று அப்பா கேலி செய்வார். அது அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிப் பேச்சு நிற்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு அந்த எழுத்துகளெல்லாம் அவருடைய கட்டிலைச் சுற்றியே பறந்தன.

துணி தைத்துப் பிழைக்கும் சின்னவளுக்கு அவற்றில் ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாயும் வராது. இரண்டு நாள் முன்பு ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மாமா என்.பி.எம்.ல இருக்காரும்மா, பாத்துக்கோ" என்றாள் அண்ணி. எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டிவைத்தாள் சின்னவள். அண்ணியிடம் போய் அர்த்தம் கேட்பதாவது.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூக்கில் சொருகிய குழாய் வழியே அண்ணி வேளாவேளைக்குக் கஞ்சித் தண்ணியை ஊற்றினாள். வாயில் ஒரு சொட்டு வைக்கவில்லை. காபி வாசனை வரும்போதெல்லாம் அப்பா அடுக்களைப் பக்கம் திரும்பி உதட்டை நக்கினார். சாப்பாட்டு ரசிகனாக இருந்த மனுஷன். ஊட்டிவிட்டால் துணி நனையும், மாற்ற வேண்டும், யாருக்கு அந்த வேலை? இப்படித்தான் சின்னவள் கணக்குப் போட்டாள். நேற்று மத்தியானம் அண்ணி குளிக்கப் போன நேரத்தில், ஒரு டம்ளர் காபியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டினாள். அப்பாவின் முகத்தில் வந்த சிரிப்பை அவள் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். நடுவில் இருமினார், கண்ணில் தண்ணீர் வர இருமினார், கொஞ்சம் தலையணையில் வழிந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

போகிற நேரத்தில் அந்த ஒரு டம்ளராவது கிடைத்ததே என்பதுதான் காலையிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு கட்டிலைப் பார்த்தாள். தலையணை உறை வேறாக இருந்தது. நேற்று இருந்தது அவளே தைத்துக் கொடுத்த பச்சை உறை. இப்போது ஆஸ்பத்திரி வெள்ளை. சாகக் கிடக்கிற மனுஷனுக்கு உறை மாற்றுவானேன்? அட்டை, உறை. இன்னும் எதை எதை ஒளிக்கிறாள் இவள்?

டாக்டர் வந்தார். அப்பாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அண்ணியை அடுக்களைப் பக்கம் அழைத்துப் போனார். சின்னவள் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் கதவருகே ஒதுங்கினாள்.

"ஆஸ்பிரேஷன் மாதிரிதான் இருக்கு. ஆர்.டி. ஃபீட் குடுக்கறப்போ தலைமாட்டை நல்லா உயர்த்தித்தானே வெச்சீங்க?"

உள்ளே அண்ணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கடைசி ஃபீட்ல தாழ்ந்திருந்துச்சு டாக்டர். கவனிக்கல. என் தப்புதான்."

"நீங்களா? உங்களையா நான் சந்தேகப்படறது?"

"என் தப்புதான் டாக்டர்."

மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் கடைசி வார்த்தை நன்றாகவே புரிந்தது. சின்னவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், உள்ளே ஒரு திருப்தியே வந்தது. பிடிபட்டுவிட்டாள். அப்பாவைக் கொன்றதே இவள்தான்.

வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சந்தில் நிறுத்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை நீட்டினாள்.

"உன் பொண்டாட்டி டாக்டர்கிட்ட, தப்பு என்னுதுன்னு சொல்றாங்க. என்னண்ணா தப்பு? இத ஏன் பிச்சுப் போட்டாங்க?"

அண்ணன் அட்டையைப் பிரித்துப் பார்த்தான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"இதுவா? நில் பை மவுத். வாயால எதுவும் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"ஏன்?"

"முழுங்கற சக்தியே போயிருச்சும்மா அப்பாவுக்கு. ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குள்ள இறங்கிடும். அதுக்குத்தான் குழாய். அப்படி ஏதோ இறங்கித்தான் காய்ச்சல் வந்து, மூச்சு..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தலைமாடு தாழ்ந்திருந்து, குழாய்ல குடுத்தது மேல ஏறிடுச்சுங்கறா. இருபது வருஷமா இதே வேலை பாக்கறவ. இதுல போய் எப்படித் தப்பு விடுவா? எனக்குப் பிடிபடல."

சின்னவள் எதிர்ச்சுவரில் யாரோ சாய்த்து வைத்த துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று அப்பா இருமியது மறுபடி காதில் கேட்டது. நடுவில் நிறுத்தாமல் மிச்சக் காபியையும் ஊட்டியது அவள் கைதான்.

அண்ணனின் புருவம் நெளிந்தது.

"ஆமா, உனக்கு இது தெரியாதா? நீ வந்தப்போ அவ சொல்லலையா?"

'சொல்லவில்லை' என்று சொன்னால் போதும். முழுப் பொய்யும் இல்லை. மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டுப் போனால் அது சொன்னதாகுமா? பாதிப் பழி அந்தப் பக்கம் போய்விடும். அவன் ஏற்கெனவே பெண்டாட்டியைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தான்.

"சொன்னாங்க," என்றாள். "வாசல்லயே சொன்னாங்க."

அண்ணன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, அட்டையை அவள் கையிலேயே திணித்துவிட்டுப் போனான்.

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் அந்தப் பச்சை உறை மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அவள் போட்ட இரட்டைத் தையல். நடுவில், நன்றாகத் தேய்த்தும் போகாமல், உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறை.

பின்னால் காலடி கேட்டது. அண்ணி. கையில் ஒரு சொம்பு. சின்னவளைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், சின்னவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அண்ணி..."

"இன்னும் காயல," என்றாள் அண்ணி. கிளிப்பைக் கழற்றி, உறையைத் திருப்பி, கறை சுவர்ப்பக்கம் இருக்கும்படி மறுபடியும் மாட்டினாள்.

"முகத்தைக் கழுவிட்டு வாம்மா. தூக்கப் போறாங்க."